போர்ட் ஆஃப் ஸ்பெயின்: இடத்தைவிட நேரம் முக்கியம்

கேள்வி: அலுவலக வேலையாக ஜனவரி கடைசியில் ட்ரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குப் போகிறேன். வேலை முடியும்போது மனைவியும் வந்து சேர்ந்துகொள்கிறார். எங்களுக்கென்று நான்கு நாள் கிடைக்கும். எங்கே தேடினாலும் மராக்காஸ் கடற்கரை, சவன்னா மைதானம் என்று அதே நாலைந்து இடங்கள்தான் வருகின்றன. உள்ளூர்க்காரர்கள் போகிற, சாப்பிடுகிற இடங்களைப் பார்க்க ஆசை. இருவரும் சைவம். நகரம் அவ்வளவு பாதுகாப்பில்லை என்கிறார்களே, நாங்களாகவே சுற்றலாமா? சின்னதாக ஒரு மின்குக்கர் எடுத்துப் போனால் உதவுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நல்ல நேரத்தில்தான் போகிறீர்கள். ஜனவரி முதல் மே வரை அங்கே வறட்சிப் பருவம். கார்னிவலுக்கு முந்தைய வாரங்கள் என்பதால் ஊரே ராத்திரி விழித்திருக்கும். இந்த நகரத்தில் எதைப் பார்ப்பது என்பதைவிட எத்தனை மணிக்குப் போவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டபுள்ஸ் என்ற காலைப் பலகாரம் விற்கும் வண்டி பத்து மணிக்குள் காலியாகிவிடும். செந்நிறப் பறவைகள் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வரும். ஸ்டீல்பேன் என்ற உலோக வாத்தியத்தைக் குழுவாகப் பயிற்சி செய்யும் ‘பேன் முற்றத்தில்’ பகலில் போய் நின்றால் மூடிய கேட்டைத்தான் பார்ப்பீர்கள். ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் சரியான இடத்துக்குத் தப்பான நேரத்தில் போனவர்கள்.

சுற்றுவதற்கு முன் ஒரு ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பற்றி, அங்கே நுழையத் தேவையா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் திரும்பி வரும்போதுதான். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள இடங்களின் பட்டியலில் ட்ரினிடாட் தீவு இருக்கிறது (பக்கத்துத் தீவான டொபேகோ இல்லை). அங்கிருந்து ஆறு நாளுக்குள் அட்டையில்லாமல் இந்தியாவில் இறங்கினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தலாம். அது ஆறு நாள் வரை போகும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும். பிறகு ஆயுளுக்கும் அதுவே போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டால்தான் கணக்கு. சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. முன்கூட்டியே நாள் கேட்டு வையுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயது தாண்டியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

அறையை வுட்புரூக் பகுதியில் எடுங்கள். நடந்தே சாப்பிடப் போகலாம், பேன் முற்றங்களில் இரண்டு பக்கத்திலேயே இருக்கின்றன. கார்னிவல் என்பது சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய். தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். அந்த ஆண்டு பிப்ரவரி தொடக்கத்திலேயே வந்துவிட்டால் அறை வாடகை எகிறிவிடும், குறைந்தது ஐந்தாறு இரவு சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். டிக்கெட் போடும் முன்பே காலண்டரைப் பாருங்கள்.

சவன்னாவை ஒதுக்க வேண்டாம், போகும் நேரத்தை மாற்றுங்கள். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் மரவால் சாலையை ஒட்டி, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து மாளிகைகள் ஏழு வரிசையாக நிற்கின்றன. எல்லாம் கிழக்கு பார்த்தவை. ஆகவே காலையில்தான் முகப்பில் வெயில் விழும், ஆறரை முதல் எட்டு மணிக்குள் போங்கள். மத்தியானத்துக்குமேல் போனால் படத்தில் கருப்பு உருவம்தான் கிடைக்கும். தெற்குக் கோடியில் மணிக்கூண்டோடு நிற்கும் குயின்ஸ் ராயல் கல்லூரியில் தொடங்கி, வடக்குக் கோடியில் ஸ்காட்லாந்துக் கோட்டை மாதிரி இருக்கும் ஸ்டோல்மையர் மாளிகை வரை நடந்தால் போதும். நடுவில் வரும் மில் ஃப்ளர்ஸ் வீட்டில்தான் பாரம்பரிய இடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளையின் அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு வேலை உண்டு, பின்னால் சொல்கிறேன். மைதானத்துக்குள்ளேயே மதில் சூழ்ந்த சின்னக் கல்லறைத் தோட்டம் ஒன்றையும் பாருங்கள். 1817இல் பெஷியே குடும்பம் இந்த நிலத்தை விற்றபோது தங்கள் முன்னோர் புதைந்த துண்டை மட்டும் கொடுக்கவில்லை. ஊரின் நட்டநடுவில் அது இன்னும் அப்படியே கிடக்கிறது. மாலையில் மைதானத்தைச் சுற்றி இளநீர் வண்டிகள் நிற்கும். வழுக்கைக்கு அங்கே ‘ஜெல்லி’ என்று பெயர். அப்படிக் கேட்டால்தான் வெட்டித் தருவார்கள்.

சாப்பாடு. சைவக்காரர்களுக்கு கரீபியனில் இதைவிட வசதியான தலைநகர் கிடையாது. டபுள்ஸ் என்பது மஞ்சள் சேர்த்த மென்மையான பூரி மாதிரியான ‘பரா’ இரண்டு, மேலே குழையவிட்ட கொண்டைக்கடலைக் குழம்பு, வெள்ளரித் துருவல், புளிச் சட்னி. காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார்கள். காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் போங்கள். அலுவலகம் போகிறவர்கள் கூடி நிற்கும் வண்டியே நல்ல வண்டி. அங்கே எண்ணெயிலிருந்து எடுத்த பரா ஆறுவதற்குள் போய்விடும். நின்றுகொண்டே சாப்பிட்டு, எத்தனை சாப்பிட்டோம் என்று நாமே கணக்குச் சொல்லிக் கடைசியில் காசு கொடுப்பது வழக்கம். பெரிய நோட்டை நீட்டாமல் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். காரம் எவ்வளவு என்பார்கள். ‘ஸ்லைட்’ என்று சொல்லுங்கள். ஆந்திரா மெஸ்ஸில் பழகிய நாக்கு என்ற தைரியம் இங்கே உதவாது. இந்தத் தீவின் மொருகா பகுதியிலிருந்து வந்த ஸ்கார்ப்பியன் மிளகாயை 2012இல் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் சோதித்தபோது சில பழங்கள் காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் இருபது லட்சத்தைத் தாண்டின. வண்டிக் கடையில் அதையே போடுவார்கள் என்றில்லை, ஆனால் அதன் உறவுக்காரர்களைத்தான் போடுகிறார்கள்.

மத்தியானத்துக்கு ரொட்டிக் கடை. தால்பூரி என்பது இனிப்பில்லாத பருப்புப் போளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக, மெல்லியதாக இருக்கும். ‘பஸ்-அப்-ஷட்’ என்பது தட்டிப் பிய்த்த பரோட்டா. கிழிந்த சட்டை என்பதன் உள்ளூர் உச்சரிப்பு அது. தொட்டுக்கொள்ள பூசணி, போடி எனப்படும் காராமணிக்காய், சுட்ட கத்தரிக்காயைப் பிசைந்த பைங்கன் சோக்கா, தக்காளி சோக்கா கேளுங்கள். பாஜி என்றால் நம் பஜ்ஜி வராது, கீரைக் கடைசல் வரும். சேப்பங்கிழங்கு இலையில் செய்தது அருமையாக இருக்கும். சிக்கவைக்கும் பண்டங்கள் இரண்டு: கலலூ என்ற பச்சைக் குழம்பும் ராத்திரி தெருவோரத்தில் விற்கும் சோள சூப்பும். இரண்டுமே பார்க்கச் சுத்த சைவம் போலிருக்கும். கலலூவில் நண்டோ உப்பிட்ட பன்றிவாலோ போடுவது சகஜம், சூப்பிலும் பன்றிவால் உண்டு. கேட்காமல் வாங்காதீர்கள். கீற்றுக் கீற்றாக வெட்டிய அன்னாசி அல்லது மாங்காயில் உப்பு, மிளகாய், பூண்டு, ‘ஷேடோ பெனி’ என்ற கொத்தமல்லி வாசனைத் தழை போட்டுக் குலுக்கிய ‘சௌ’ எங்கே கண்டாலும் வாங்குங்கள்.

இனி நீங்கள் தவறவிடவே கூடாத விஷயம், பேன் முற்றம். எண்ணெய் பீப்பாயின் அடியைத் தட்டிக் குழித்து ஸ்வரம் ஏற்றும் இந்த வாத்தியம் பிறந்தது இந்த நகரத்தின் ஏழைத் தெருக்களில். 1992இல் தேசிய வாத்தியமாக அறிவித்தார்கள். கார்னிவலை ஒட்டி நடக்கும் பனோரமா போட்டி 1963 முதல் நடக்கிறது. ஜனவரி கடைசியில் ஒவ்வொரு குழுவும் தன் முற்றத்தில் அதற்காகத்தான் உயிரை விட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும். வுட்புரூக்கில் ஃபேஸ் டூ, கிரிக்கெட் மைதானத்துக்கு எதிரே இன்வேடர்ஸ் ஆகிய முற்றங்களுக்கு உங்கள் அறையிலிருந்து எளிதாகப் போகலாம். டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ், ஷார்லட் தெருவில் ரெனிகேட்ஸ் இருக்கின்றன. அவை நகர மையத்தில் என்பதால் போக, வர இரண்டுக்கும் டாக்ஸி.

பயிற்சி ஏழு மணிக்கு என்பார்கள், எட்டரை வரை நாற்காலிதான் நகரும். ஒன்பதரைக்குப் போனால் சரியாக இருக்கும். பயிற்சிக்கு நுழைவுக் கட்டணம் கேட்பதில்லை. உள்ளே உள்ள கடையில் ஒரு சோடாவாவது வாங்குவது மரியாதை. முழுப் பாட்டைக் கேட்கும் ஆசையோடு போகாதீர்கள். எட்டு நிமிடப் பாட்டில் எட்டே எட்டு தாளச் சுற்றை மட்டும் இருபது தடவை அடிக்கச் சொல்வார்கள். ஒருவர் கை பிசகினாலும் மறுபடி. முதலில் இரைச்சலாக இருந்தது பத்தாவது தடவையில் பிரிந்து கேட்கத் தொடங்கும். டெனர் என்ற பெயரில் இருப்பதுதான் உச்ச ஸ்தாயி, மெட்டு அதில் வரும். பாஸ் வாசிப்பவரைச் சுற்றி முழுப் பீப்பாய்கள் ஆறோ ஒன்பதோ நிற்கும், அவர் நடுவில் ஆடிக்கொண்டே அடிப்பார். கார் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் தட்டும் தாளக் குழுவுக்கு ‘இன்ஜின் ரூம்’ என்று பெயர். அதன் அருகில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் பதினைந்து அடி பின்னால் வந்துவிடுங்கள், இல்லையென்றால் மற்ற எதுவும் காதில் விழாது. வாத்தியங்களைத் தாங்கும் சக்கரம் வைத்த சட்டங்களுக்கு நடுவே குறுக்கே நடக்கக் கூடாது. போட்டிக்கு முன் பாட்டு வெளியே போவதைச் சில குழுக்கள் விரும்புவதில்லை, வீடியோ எடுக்குமுன் கேளுங்கள்.

ஒரு நாளைத் தெற்குப் பக்கத்துக்கு ஒதுக்கி, ஓட்டுநரோடு கார் எடுங்கள். வார நாளாக இருக்கட்டும். காலையில் நெரிசல் நகரத்தை நோக்கி வரும், நீங்கள் எதிர்த் திசையில் போவதால் தப்பித்துவிடலாம். முதலில் கரபிச்சைமா. தத்தாத்ரேயர் கோயில் வளாகத்தில் 85 அடி ஆஞ்சநேயர் நிற்கிறார். கோயில் திராவிட பாணியில் கட்டியது. நமக்கு இது புதிதாகத் தோன்றாது, கரும்புக்காட்டுச் சமவெளியில் நிற்பதுதான் புதிது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் வாட்டர்லூ கடற்கோயில். அங்கே கொஞ்சம் நேரம் உட்காருங்கள். சிவதாஸ் சாது என்ற தொழிலாளி 1947இல் கடற்கரையோரம் கோயில் கட்டினார். நிலம் கரும்புக் கம்பெனிக்குச் சொந்தம் என்று அதை இடித்தார்கள், அவரைப் பதினான்கு நாள் சிறையில் வைத்தார்கள். கரையில் கட்டினால்தானே நிலம் யாருடையது என்ற கேள்வி? சைக்கிளில் கல்லும் சிமெண்டும் சுமந்து கடலுக்குள்ளேயே மேடை எழுப்பினார். இப்போது இருப்பது 1995இல், இந்தியர் வருகையின் 150ஆம் ஆண்டையொட்டிப் புதுப்பித்துக் கட்டியது. பக்கத்திலேயே தகனத் துறை இருக்கிறது. சடங்கு நடந்தால் கேமராவை உள்ளே வையுங்கள். கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் சேற்றில் நீர்ப்பறவைகள் இறங்கும்.

திரும்பும் வழியில் சாகுவானஸில் ரொட்டி, சேஸ் வில்லேஜ் சாலையோரத்தில் மண்பாண்டக் கடைகள். மூன்றரைக்குள் கரோனி சதுப்புநிலப் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். படகு நான்கு மணி வாக்கில் கிளம்பும், இரண்டரை மணி நேரம் ஆகும். படகில் கழிப்பறை கிடையாது. அலையாத்தி மரங்களுக்கு நடுவே போகும்போது கிளையில் சுருண்ட பாம்பைக் காட்டுவார்கள். அதன்பின் திறந்த நீர்ப்பரப்பில் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஜனவரி கடைசியில் சூரியன் ஆறு பத்து வாக்கில் மறையும். ஐந்தேகாலிலிருந்து செந்நிற அரிவாள்மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஒரே தீவில் இறங்கும், பச்சை மரம் சிவந்துகொண்டே போகும். இரையிலுள்ள நண்டு, இறால் வகைகளிலிருந்துதான் அந்த நிறம். குஞ்சுகள் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். தேசியப் பறவை, சட்டப் பாதுகாப்பும் உண்டு. எனவே படகு கிட்டே போகாது. செல்போனில் எடுத்தால் சிவப்புப் புள்ளிகள்தான் மிஞ்சும். எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்று கொண்டு போங்கள், முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டியும் அவசியம்.

மூன்றாம் நாள் நகரத்தின் மேற்குப் பக்கம். செயின்ட் ஜேம்ஸ் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே நடங்கள்: கல்கத்தா, பம்பாய், டெல்லி, லக்னோ, பெனாரஸ், மெட்ராஸ். 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,40,000க்கும் மேற்பட்டோரை இந்தியாவிலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள், சிறு பகுதியினர் மெட்ராஸில் ஏறியவர்கள். தமிழ் பேசுபவரைத் தேடினால் கிடைக்கமாட்டார், மொழி போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்று. மூட்டூ, மூன்சாமி என்று கடைப்பலகையில் பெயரைக் கண்டால் முத்துவும் முனிசாமியும் நினைவுக்கு வரட்டும். 1866 முதல் வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த நெல்சன் தீவு இன்றும் கட்டடங்களோடு இருக்கிறது. தேசிய அறக்கட்டளை குறிப்பிட்ட நாட்களில் மட்டும் படகில் அழைத்துப் போகிறது. போன அன்றே மில் ஃப்ளர்ஸ் வீட்டில் விசாரியுங்கள் என்பதற்குத்தான் மேலே சொன்னேன். நாமாகத் தனிப் படகு பிடித்துப் போய் இறங்கும் இடம் இல்லை அது.

மாலை நான்கு மணிக்குள் ஃபோர்ட் ஜார்ஜ் மேலே இருங்கள். 1804இல் கட்டிய கோட்டை, சுமார் 1,100 அடி உயரம், ஒரு குண்டுகூட எதிரி மேல் சுட்டதில்லை. பீரங்கிகளைவிட அங்குள்ள மரத்தாலான சமிக்ஞை நிலையம்தான் சுவாரசியம். ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்ட அசாந்தி அரசர் மகன் கோஃபி என்டி 1883இல் அதை வடிவமைத்தார். கப்பல் வருவதைக் கீழேயுள்ள வணிகர்களுக்குக் கொடி காட்டிச் சொன்ன இடம். சாலை குறுகல், ஏற்றம் கடுமை, ஆள் நடமாட்டம் குறைவு. நடந்து ஏற வேண்டாம். கார் கீழே இறக்கிவிட்டுப் போகாமல் மேலேயே நிற்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நான்காம் நாளுக்கு இரண்டில் ஒன்று. மலை பிடிக்குமென்றால் பராமின்: நகரத்துக்கு வடக்கேயுள்ள மரவாலிலிருந்து ஜீப்புகள் ஆள் சேர்த்துக்கொண்டு ஏறும். செங்குத்தான சரிவுகளில் தைம், வெங்காயத்தாள், ஷேடோ பெனி பயிரிடும் கிராமம். ஏறுவதற்கு மட்டுமின்றி இறங்கவும் ஜீப்பே நல்லது, அந்தச் சரிவு முழங்காலைப் பதம் பார்க்கும். காடு பிடிக்குமென்றால் சாகுவாரமாஸில் டக்கர் பள்ளத்தாக்கு. மூங்கில்கள் இருபுறமும் வளைந்து கூரை போட்ட பாதையில் அதிகாலையில் போனால் ஊளைக் குரங்குகளின் சத்தம் கேட்கும். நடந்து முடித்து மக்கரீப் விரிகுடாவில் குளிக்கலாம். அங்கே ஈடித் அருவியை மட்டும் நம்பாதீர்கள். ஜூன் முதல் டிசம்பர் வரைதான் அது அருவி, உங்கள் நாட்களில் பாறை ஈரமாக இருந்தாலே அதிகம்.

தேனுறிஞ்சும் ரீங்காரச்சிட்டுகளைக் காட்டும் யெரெட் என்ற வீட்டுத் தோட்டத்தையும் (முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்) யாராவது சொல்வார்கள். அது இருப்பது மராக்காஸ் பள்ளத்தாக்கில். மராக்காஸ் கடற்கரை மலைக்கு அந்தப் பக்கம். ஓட்டுநரிடம் வெறும் மராக்காஸ் என்று சொல்லிக் கடற்கரையில் போய் நிற்காதீர்கள், ‘செயின்ட் ஜோசஃப் மராக்காஸ்’ என்று சொல்லுங்கள்.

கிரிக்கெட் பித்து இருந்தால் குயின்ஸ் பார்க் ஓவல் வாசலையாவது தொட்டுவிட்டு வாருங்கள். 1971இல் மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதன்முதலாக டெஸ்டில் வென்றது இங்கேதான். கவாஸ்கருக்கு அது முதல் ஆட்டம். இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவர் நம் வெங்கட்ராகவன்.

பாதுகாப்பு. நாங்களாகவே சுற்றலாமா என்றால், பகலில் சவன்னா, வுட்புரூக், செயின்ட் ஜேம்ஸ் பகுதிகளில் தாராளமாகச் சுற்றலாம். இருட்டிய பிறகு வாசலிலிருந்து வாசலுக்குக் கார், ஐந்து நிமிட தூரமாக இருந்தாலும். நகர மையத்துக்குக் கிழக்கே தெரிந்தவர் துணையில்லாமல் போக வேண்டாம். தாலிச் சங்கிலியைத் துணிக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வாடகைக் காரின் எண் ‘எச்’ எழுத்தில் தொடங்க வேண்டும். ‘பி’ என்றால் சொந்த வண்டி. அதில் ஆள் ஏற்றுவது சட்டவிரோதம், பலர் ஏறுகிறார்கள் என்பதற்காக நீங்கள் ஏறாதீர்கள். மேக்ஸி எனப்படும் வேன்களில் மஞ்சள் பட்டை போட்டவை நகரத்துக்கும் மேற்குப் பகுதிக்கும் ஓடும், பகலில் ஏறலாம். ராணுவப் புள்ளிச் சட்டை, பேன்ட், தொப்பி எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. பொதுமக்கள் அதை அணிவது அங்கே குற்றம், பின்னலாடை ஊர்க்காரர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கடைக்குள் போனாலும் மேக்ஸியில் ஏறினாலும் முதலில் வணக்கம், அப்புறம்தான் கேள்வி. இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ராத்திரியில் வந்தவுடனே ‘குட் நைட்’ என்பார்கள். விடை கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே அதுதான் மாலை வணக்கம். ‘ஜஸ்ட் நவ்’ என்று சொன்னால் இப்போது என்று பொருளில்லை, எப்போதாவது என்று பொருள். படகுக்காரரிடமும் ஓட்டுநரிடமும் மணியைக் குறிப்பிட்டே பேசுங்கள்.

மின்குக்கர் வேண்டாம். அங்கே மின்சாரம் 115 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கரை அதில் செருகினால் மின்னழுத்தம் பாதியாவதால் சூடு கால்வாசிக்கு இறங்கிவிடும். அரிசி ஊறும், வேகாது. அங்குள்ள செருகிகள் தட்டைக் கால் உள்ளவை, செல்போன் சார்ஜருக்கு மட்டும் அடாப்டர் ஒன்று எடுத்துக்கொண்டால் போதும்.